துக்கக் கச்சை

"இன்னும் இறுக்குங்க சித்தப்பா. நடுவுல அவுந்தா ஊரே சிரிக்கும்."

சக்கர நாற்காலியில் இருந்த தாலாயின் இடுப்பில் அசனாலி துக்கக் கச்சையை இழுத்து முடிந்தார். கம்பளிக் கூடாரத்துக்குள் தாலாயின் அப்பாவின் உடல் கிடந்தது. வருகிறவர்களை வாசலில் வாய்விட்டு அழுது, கட்டித் தழுவி வரவேற்க வேண்டியவன் ஒரே மகன். "நிக்க முடியாதவன் பொம்பளைங்களோட உள்ள இருக்கட்டும்" என்று காலையில் சொன்னவரும் இதே அசனாலிதான்.

வெட்டிய ஆட்டுக்காகக் குதிரைமேல் மல்லுக்கட்டும் ஆட்டத்தில் விழுந்தவன் தாலாய். மார்புக்குக் கீழே உணர்வில்லை. ஒரு கையை ஊன்றாவிட்டால் மூட்டைபோலச் சரிவான். முதுகுத்தண்டின்மேல் ஒட்டிய வில்லைகளில் மின்சாரம் ஓடினால்தான் நிமிர்ந்து உட்கார முடியும். கச்சை கட்டுமுன்பே அவன் மனைவி கனிஷாய் அவற்றை ஒட்டி, மின்சாரம் தரும் பெட்டியை முடுக்கிவிட்டு உள்ளே போனாள். வழக்கப்படி வாசலுக்கு முதுகைக் காட்டிப் பெண்களோடு உட்கார்ந்தாள்.

குளம்பொலி கேட்டது. "என் அப்பாவே! என் உயர்ந்த மலையே!" தாலாயின் குரல் கணீரென்று எழுந்தது. சட்டென்று பாதியானது. உடல் சரிந்து நெஞ்சு மடங்கினால்தான் அவன் குரல் அப்படித் தேயும். கனிஷாய்க்குப் புரிந்தது. கச்சை இறுகி வில்லை உரிந்திருக்கிறது. அவனுக்கோ தெரிய வழியில்லை.

எழுந்தவளின் கையை மாமியார் பிடித்தாள். "உக்காருடி. மருமக வெளிய போனா மானம் போயிடும்."

"அவரு குப்புற விழுந்தா மட்டும் மானம் நிக்குமா அத்தை?"

வெளியே அசனாலி மறித்தார். "ஆம்பளைங்க வர்றாங்கம்மா, உள்ள போ!"

"நீங்க கட்டுன கச்சைதான் மாமா. வில்லை உரிஞ்சிருச்சு."

"எல்லார் முன்னாடியும் கச்சைய அவுக்கவா சொல்ற?"

அவள் நாற்காலிக்குப் பின்னால் மண்டியிட்டு, அவன் அங்கியைத் தூக்கி, கச்சைக்கு அடியில் கையை நுழைத்து வில்லையை அழுத்திப் பிடித்தாள். அசனாலி முணுமுணுத்தார். பிறகு தன் நீண்ட மேலங்கியை விரித்து அவளை மறைத்தாற்போல நின்றுகொண்டார்.

முதல் கிழவர் குதிரையை விட்டிறங்கி அழுதபடி வந்தார். கனிஷாயின் உள்ளங்கைக்குள் முதுகு இறுகியது. தாலாய் இரண்டு கைகளையும் விரித்து அவரைக் கட்டிக்கொண்டான்.

அடுத்தவர் இறங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சரிவு நெடுகக் குதிரைகள். கனிஷாய் முழங்காலை மாற்றி ஊன்றினாள், கையை எடுக்கவில்லை.