மூக்குமலை

ஞாயிற்றுக்கிழமை எங்கள் காரோட்டுக் கடற்கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அன்றைக்கு மட்டும்தான் என் வீட்டுக்காரர் நிக்கோலஸ் மற்ற ஆண்களைப் போல இருப்பார். மற்ற நாளெல்லாம் அவர்கள் கடலில், இவர் வாசலில்.

மழைக்காலத்தில் ஒரு நாள் இவரும் தம்பி ஜிதினும் போன வள்ளம் மூடுமேகத்தில் திசை தெரியாமல் அலைந்தது. ஜிதினின் ஃபோன் நனைந்து செத்துவிட்டது. திசை பார்க்க இவருக்கு ஃபோன் எதற்கு, மூக்குமலை போதும். கிழக்கே மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும் மலை. மாதா கோயில் கோபுரத்துக்கு நேரே அது வந்தால், கீழே மீன் கிடக்கும் பாறை. இப்படி அடையாளம் வைத்து இடம் பிடிப்பதைக் கணிச்சம் என்பார்கள். அன்றைக்கு மலை கண்ணில் படவே இல்லை. வேறொரு வள்ளம்தான் இவர்களைக் கட்டி இழுத்துவந்தது. அதற்குப் பிறகு இவர் வள்ளத்தில் கால் வைக்கவில்லை. ஜிதினும் பொறுத்துப் பார்த்தான். "திங்கக்கிழம அண்ணன் வரல்லன்னா நான் மங்களூருக்கு வேலைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டான்.

அன்றைக்கு ஞாயிறு; மறுநாள்தான் அந்தத் திங்கள். நாங்களோ பாறசாலையில் ரயிலேறி, திருவனந்தபுரத்தில் என் சித்தி மகள் சுமியின் பிள்ளை ஞானஸ்நானத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். திருவனந்தபுரம் வந்தது. இவர் எழுந்திருக்கவில்லை.

"இறங்கல்லியா?"

"இல்ல. மலைக்குப் போவோம். அது அங்க உண்டான்னு பாக்கணும்."

பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பட்டுச்சேலையும் மடியில் குழந்தை உடுப்புமாக, கொல்லத்தில் மாறி மலை ரயிலில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தால் நல்லதாக ஒன்றும் வராது, அதனால் திறக்கவில்லை. இவர் ஜன்னலோரம் இருந்தவர்களிடமெல்லாம் மூக்குமலை எது என்று கேட்டார். அது எங்கள் கடல்காரர்கள் வைத்த பேர். மலைக்காரர்களுக்கு எப்படித் தெரியும்?

மலைகள் நெருங்கி வந்ததும் தென்மலையில் இறங்கினோம். அணையில் படகு ஓடியது. "தண்ணியில போனா தெரியும்" என்றவர், படகுத்துறையில் அப்படியே நின்றுவிட்டார். கால் எழவில்லை. எனக்குக் கோபம் வந்தது. நானே ஏறினேன். எங்கள் ஊரில் பெண்களை வள்ளத்தில் ஏற்ற மாட்டார்கள்; கடல்காரன் பெண்டாட்டி வாழ்க்கையில் ஏறிய முதல் படகு அது. ஏறியதும் ஆடியது. மாதாவே என்று பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

"நடுவில இரி ஜெம்மா, சாயாத" என்று சொல்லிக்கொண்டே இவரும் ஏறிவிட்டார். ஏறினது அவருக்கே தெரிந்ததோ என்னவோ.

படகு நடுத்தண்ணீருக்குப் போனது. சுற்றிலும் மலைதான். இவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசியில் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

"இங்க நிண்ணு பாத்தா எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு. மூக்கு, கடல்ல நிண்ணு பாக்குறவனுக்கு ஆக்கும்."

அங்கிருந்தே ஜிதினை ஃபோனில் கூப்பிட்டார். "எலே, நாளைக்கு வாறேன்."

நான் மாதாவிடம் வேண்டிக்கொண்டது அதைத்தான். ஆனாலும் பலகையிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. அணைத் தண்ணீரே இப்படி ஆட்டினால், எங்கள் கடல் எப்படி ஆட்டும்? எனக்குப் பயமாக இருந்தது.

"மலை மறைஞ்சா?"

"அப்பமே திரும்பீருவேன்."

"அத ஜிதின்கிட்டயும் சொல்லுங்க."

இவர் என் கையைப் பார்த்தார். மறுபடி ஃபோனை எடுத்தார்.