பொட்டு வைத்த பேட்டரி

கிள்ளானில் தச்சு வேலை செய்யும் கமலநாதனைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவருடைய பொட்டு முறையும் தெரியும். கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொல்லியிருப்பார். டிரில், ரம்பம், கிரைண்டர் எல்லாம் வயரில்லாதவை. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பேட்டரி. சார்ஜ் ஏறினால் குங்குமப் பொட்டு. தீர்ந்தால் பொட்டைத் துடைத்துவிட வேண்டும்.

"மார்க்கர்ல நம்பர் எழுதிக்கலாமே, மாமா?" என்று அவர் மனைவி மாதவியின் தம்பி லோகன் ஒருமுறை கேட்டான்.

"நம்பர் படிக்கணும்டா. பொட்டு பார்த்தாலே போதும். மூளை வேணும் லா."

அந்த மூளைதான் இப்போது சுபாங் ஜெயாவில், கரண்ட் இன்னும் வராத புதுவீட்டு வாசலில், கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. கீலுக்கு முதல் ஓட்டை போட டிரில்லை அழுத்தினார். முனகியது, நின்றது. வேறு பேட்டரி மாட்டினார். அதுவும் அப்படியே. பெட்டியில் இருந்த அத்தனையும் பளிச்சென்று பொட்டு வைத்துக்கொண்டு சும்மா கிடந்தன.

வீட்டுக்காரி கௌசலாவுக்கு முகம் வாடிவிட்டது. "நாளைக்கு விடியக்காலையில பால் காய்ச்சறோம், அங்கிள். வாசக்கதவே இல்லாம கிரகப்பிரவேசமா?"

"ரெண்டு நிமிஷம்மா," என்று கமலநாதன் ஓரமாகப் போய் மனைவிக்குப் போன் போட்டார்.

"மாதவி, நேத்து ஆயுத பூஜைக்கு பேட்டரிக்கெல்லாம் பொட்டு வெச்சியா?"

"நீங்கதானே ஒண்ணையும் விடாதேன்னு சொன்னீங்க? எல்லாமே தீந்துபோய்த்தான் கிடந்துச்சு, எல்லாத்துக்கும் வெச்சேன். சார்ஜருக்கும் வெச்சிருக்கேன். இன்னும் சாமிகிட்டதான் இருக்கு."

அவரே சொன்னதுதான். குங்குமக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்ததும் அவரேதான். காலையில் பொட்டைப் பார்த்ததும், படிக்கக்கூட வேண்டியில்லாமல், அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்ததும் அவரேதான்.

கூட வேலைக்கு வந்திருந்த லோகன் சிரிப்பை அடக்க இருமினான். "சும்மா சொல்லக்கூடாது, மாமா. எல்லாம் லட்சணமா இருக்கு."

"வாயை மூடிட்டு ஸ்குரூடிரைவரை எடு."

மரம் நல்ல கெட்டி. கையால் முறுக்கி முறுக்கி ஒரு ஸ்குரூ பாதி இறங்குவதற்குள் கமலநாதனின் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. இன்னும் மூன்று கீல் பாக்கி. கௌசலா, நாளைத் தள்ளிவைக்கச் சொல்லி ஐயருக்குப் போன் செய்யலாமா என்று யோசிக்கத் தொடங்கியபோது மாதவியின் கார் வந்து நின்றது. இறங்கியவள் கையில் ஒரு பேட்டரி.

கமலநாதன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல பொட்டு இல்லையே?"

கேட்ட பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது. லோகன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"வாசல் குப்பையை ஊதுற மெசினோடது. ஊதி முடிச்சா அப்பவே சார்ஜ்ல மாட்டிருவேன். அவ்வளவுதான் என் சிஸ்டம்," என்றாள் மாதவி. "பொட்டு வெச்சா நீங்க எடுத்துட்டுப் போயிருவீங்கன்னுதான் சாமிகிட்டயே காட்டல."

"போன வருஷம் காணாமப் போச்சுன்னு இந்தப் பையனைத் திட்டினேனே, அந்தப் பேட்டரியா இது?"

"ஆமா."

"சாரி கேளுங்க மாமா," என்றான் லோகன் உட்கார்ந்தபடியே.

டிரில் பாய்ந்து ஓடியது. வெயில் சாய்வதற்குள் கதவு நின்று, திறந்து, சத்தமில்லாமல் மூடியது. கௌசலா உள்ளே ஓடிக் குங்குமச் சிமிழோடு வந்தாள்.

"அங்கிள், கதவுக்குப் பொட்டு வெச்சிரலாமா?"

கமலநாதன் லோகனைப் பார்க்காமல் பெட்டியை மூடினார்.

"வைம்மா. அது சார்ஜ் இல்லாமலே ஓடும்."