டர்க் சரிவு

பென்சில்வேனியாவில் எங்கள் மாநிலப் பூங்காவின் முகட்டுப் பாதையில் மண் குறைவு, கல் அதிகம். அங்கே சைக்கிள் ஓட்டுகிற எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். கால் தரையில் பட்டால், யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், "கால்" என்று நாமே குரல் கொடுக்க வேண்டும்.

இந்த வருடம் மலையின் மறுபக்கம் புதுப்பாதை வெட்டினோம். முகடு முழுவதையும் காலூன்றாமல் முதலில் கடப்பவர் அந்தப் புதுப்பாதைக்குப் பெயர் வைக்கலாம் என்று எங்கள் சைக்கிள் சங்கத் தலைவி லோர்னா அறிவித்தாள். அந்த உரிமை எனக்கு வேண்டும். பாறை புரட்டிப் புரட்டி என் முதுகு பாதி போய்விட்டது. டர்க்குக்கும் வேண்டுமாம். மண்வெட்டி எடுக்கும் நாளெல்லாம் அவனுக்கு முழங்கால் வலி வந்துவிடும். படம் எடுக்கும் நாளில் சரியாகிவிடும்.

இருவர் இருவராகக் கிளம்பினோம். எனக்கு வாய்த்தவன் டர்க். அவன் முன்னால், நான் பின்னால். 'பல் டாக்டர்' என்று நாங்கள் சொல்லும் பாறை வரை இருவருக்குமே கால் படவில்லை. அவ்வளவு தூரம் கால் படாமல் நான் வந்ததே கிடையாது. அந்தப் பாறையின் நடுவில் டர்க்குக்கு வேகம் செத்தது. சாய்ந்தவன் பக்கத்திலிருந்த ஓக் மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். வழி அடைபட்டது. நான் பிரேக் பிடித்துக் காலை ஊன்றினேன்.

"கால்," என்றேன். அழுகை வந்தது.

"எனக்குக் கால் படல, ரெனீ," என்றான் மரத்திலிருந்து.

"மரத்தக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

"சட்டத்துல கையப் பத்தி ஒண்ணும் இல்ல."

அவன் ஷூ இரண்டும் பெடலில் கொக்கி மாட்டிப் பூட்டிக் கிடந்தன. கழற்றினால் கால் தரைக்கு வந்துவிடும். மரத்தை விட்டால் விழுந்துவிடுவான். நான் பாறையில் உட்கார்ந்து வான்கோழி சாண்ட்விச்சைப் பிரித்தேன். நாயோடு நடந்து வந்த ஒரு பெண் நின்றாள்.

"அவருக்கு ஒண்ணும் இல்லையே?"

"ரெண்டு பேரும் ரொம்ப நாள் கழிச்சுப் பாத்துக்கிறாங்க," என்றேன்.

நாய் மரத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போனது. கடைசியில் டர்க் மரத்தை உந்தித் தள்ளி, தடுமாறித் தடுமாறி மிதித்து, எப்படியோ கால் படாமலேயே முகட்டின் கடைசி வரை போய்ச் சேர்ந்தான்.

வண்டி நிறுத்துமிடத்தில் லோர்னா என்னைக் கேட்டாள். "அவன் கால் பட்டுச்சா?"

"படல. என் கால்தான் பட்டுச்சு."

சட்டம் சட்டம்தானே. கூசாமல் 'டர்க் சரிவு' என்று தன் பெயரையே வைத்தான். பலகை நட்ட அன்று அதைக் கட்டிக்கொண்டு படம் வேறு எடுத்துக்கொண்டான். எதையாவது கட்டிக்கொள்ளாமல் அவனால் நிற்க முடியாது போலிருக்கிறது. நான் வேறொன்றும் செய்யவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் மரக் கதையைச் சொன்னேன். கோடை முடிவதற்குள் அந்தப் பாதைக்கு ஊர் முழுக்க 'கட்டிப்பிடி' என்று பெயராகிவிட்டது.

இலை உதிரும் காலத்தில் அதே பாதையில் அவன் விழுந்து கிடந்தான். தோள் எலும்பு போயிருந்தது. பின்னால் வந்த நான்தான் பூங்காக் காவலருக்கு போன் போட்டு அவன் வாயருகே பிடித்தேன்.

"எங்க சார் இருக்கீங்க?"

"டர்க் சரிவுல," என்றான்.

"அப்படி ஒரு எடமா? நம்ம பூங்காவுலதானா சார்?"

"நட்ட பலகையப் பாக்கலயா நீங்க?"

"எத்தனையோ பலகை இருக்கு சார். வேற ஏதாவது அடையாளம் சொல்லுங்க."

டர்க் என்னைப் பார்த்தான். "நீ சொல்லேன், ரெனீ."

"விழுந்தது நீதானே. நீயே சொல்லு."

வலியில் பல்லைக் கடித்தான். பிறகு, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "கட்டிப்பிடி," என்றான்.

"அட, அத மொதல்லயே சொல்லக் கூடாதா சார்? இதோ வந்துட்டோம்."