தாட்சாயணி வாங்கிய திட்டுகள்

யாராவது திட்டினால் தாட்சாயணியின் கால்கள் தரையை விட்டு எழும்பும். சாதாரணத் திட்டுக்கு ஒரு சாண், பெற்றவர்களை இழுத்துத் திட்டினால் ஒரு முழம். ஆந்திர எல்லையில், புத்தூர்ப் பக்கத்து அந்தச் சின்ன ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் வேஷம் கட்டியவர்கள் அம்மனையே கெட்ட வார்த்தையில் ஏசுகிறார்கள், அம்மனும் அதில்தான் குளிர்கிறாள். திட்டு சில உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். அவளுடைய நைனா ஏகாம்பரம் மாம்பழ ஜூஸ் பேக்டரியில் லோடு இறக்குகிறவர், மகளைத் திட்டத் தெரியாத மனிதர். அந்தக் குறையை ஊர் தீர்த்து வைத்தது. பத்தாவது படிக்கிற பெண் அரை டவுசரோடு கூடைப்பந்து ஆடினால் வாய் சும்மா இருக்குமா? மைதானத்து வேலியோரம் நின்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சொல்லச் சொல்ல அவள் எழும்பி, வளையத்துக்கு மேலிருந்து பந்தை உள்ளே போட்டுவிட்டுச் சாவகாசமாக இறங்கினாள். எல்லாரையும்விட உயரத் தூக்கிய வாய் அத்தை செங்கம்மாவுடையது. தன் மகன் சம்பத்துக்கு இவளைக் கட்டிவைக்கக் காத்திருந்தவள் அவள்.

"வெக்கங்கெட்டவளே, தொடையக் காட்டிக்கினு குதிக்கிறியே, உன்ன எவன்டி கட்டுவான்?"

"உன் புள்ளதான் கட்டறேன்னு நிக்கிறான், அவனப் போயி கேளு அத்தே!" என்றாள் தாட்சாயணி, மேலே இருந்தபடியே.

அப்படியே மாவட்டம், மாநிலம், ரயில்வே வேலை என்று ஏறினாள். ஹைதராபாத்தில் ஆடினால் அரவப் பெண், தமிழ்க்காரி என்று ஏசினார்கள். மெட்ராஸில் ஆடினால் கொல்ட்டி, தெலுங்குக்காரி என்று ஏசினார்கள். எல்லை ஊர்க்காரிக்கு இரண்டு பக்கமும் வரவுதான். வெளிநாட்டு சோப்பும் வெளிநாட்டு டிவியும் புத்தூர்க் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்த அந்த வருஷங்களில், பின்லாந்தில் ஒரு சிறு நகரத்து அணி அவள் ஆட்டத்தை வீடியோ கேசட்டில் பார்த்து வேலைக்கு அழைத்தது. செங்கம்மா தம்பி வீட்டு வாசலில் உட்கார்ந்து மூன்று நாள் அழுதாள். அக்கா அழுதால் தாங்காத ஏகாம்பரம், அந்த அணி இவளைத் திருப்பி அனுப்பினால் கல்யாணம் சம்பத்தோடுதான் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். தாட்சாயணி சிரித்துக்கொண்டே விமானம் ஏறினாள்.

அங்கே யாரும் திட்டவில்லை. பந்தைத் தவறவிட்டால் கைதட்டினார்கள், விழுந்தால் தூக்கி நிறுத்தி வலிக்கிறதா என்று கேட்டார்கள். திட்டியிருந்தாலும் அந்தப் பாஷை அவளுக்குப் புரிந்திருக்காது. பனைபோல் உயர்ந்த பெண்களுக்கு நடுவில் அவள் கால் ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. சனிக்கிழமை ஆட்டத்திலும் இப்படியே நின்றால் ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று பயிற்சியாளர் கண் கலங்க, அரைகுறை இங்கிலீஷில் சொன்னாள்.

தாட்சாயணி புத்தூர் ஐஎஸ்டி பூத்துக்குப் போன் போட்டு, தன்னைத் திட்டச் சொல்லிக் கெஞ்சினாள். ஆனால் பேப்பரில் அவள் போட்டோ வந்ததிலிருந்து ஊரின் வாய் மாறிப்போயிருந்தது. வேலியோரம் நின்று ஏசியவர்களே பேனர் கட்டியிருந்தார்கள். போனை ஆளுக்கு ஆள் பிடுங்கி, தங்கமே, ஊர் மானத்தைக் காப்பாற்றினாயே என்றார்கள். ஏகாம்பரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அடியே... கழுத... துன்னியாம்மா?" என்றார். கடைசியில் ரிசீவரை வாங்கிய செங்கம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். அவளுக்குத் தெரியாதா, எதில் இவள் ஏறுவாள் என்று?

"மகராசியா இரு கண்ணு," என்றாள், சர்க்கரையாக. "பத்திரமா திரும்பி வா. சம்பத்து புதுச்சட்ட தெச்சிக்கினு உனக்காகத்தான் காத்துக்கினு கீறான்."

பின்லாந்தில் தாட்சாயணி நின்றிருந்த இடத்தில் மரத்தரை கொஞ்சம் அமுங்கியது.

சனிக்கிழமை முதல் பந்தைத் தவறவிட்டாள். அரங்கம் அன்போடு கைதட்டியது. அந்தக் கைதட்டலும் அத்தையின் வாழ்த்தும் காதுக்குள் ஒன்றாகக் கலந்தபோது, மறுபடி கைக்கு வந்த பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் வாயைத் திறந்தாள். அதுவரை திட்டு வாங்கி மட்டுமே பழகியவள். அத்தையைத் திட்டினாள், புதுச்சட்டையைத் திட்டினாள், பேனர் கட்டியவர்களைத் திட்டினாள், வாக்குக் கொடுத்த நைனாவைக்கூட விடவில்லை. தமிழ் தீர்ந்ததும் தெலுங்கில் தொடர்ந்தாள்.

"நீங்க திட்டி ஏத்தனதும் போதும், வாழ்த்தி எறக்கனதும் போதும்! என் காலுடா இது!"

கால்கள் எழும்பின. வளையத்தைத் தாண்டி, ஸ்கோர் பலகையைத் தாண்டி, கூரையின் இரும்புச் சட்டம் தலையில் இடிக்கும்வரை போனாள். அங்கிருந்து விட்ட பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே இறங்கியது. நடுவர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். ஆட்டக்காரர் எவ்வளவு நேரம் மேலே இருக்கலாம் என்று அதில் எதுவும் இல்லாததால் இரண்டு புள்ளி கொடுத்தார்கள்.

விஷயம் எட்டியதும் செங்கம்மா மனம் திறந்து திட்டினாள். அது எவ்வளவு உயரத்துக்கு என்று யாரும் அளக்கவில்லை. சம்பத்துக்கு சூளூர்பேட்டையில் பெண் பார்த்து முடித்தார்கள், நல்ல பெண். தாட்சாயணி அந்த அணியிலேயே ஒன்பது வருஷம் ஆடினாள். அவள் இறங்கி வரும்வரை எதிரணிப் பெண்கள் தண்ணீர் குடித்துக்கொள்ளப் பழகினார்கள். ஒருமுறை கூரை விளக்கு ஒன்று எரியாமல் போக, மேலே போகிறவள்தானே என்று அரங்கத்து ஆள் அவளிடம் பல்பை நீட்டினான். அது என் வேலை இல்லை என்றாள். மறுவாரம் அவர்கள் ஓர் ஏணி வாங்கினார்கள்.