சிவப்பில் நின்ற வண்டி

என் கணவர் நிஜ ரயில் ஓட்டுகிறவர். ஓட்டினவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திங்கட்கிழமை காலை வந்து இன்ஜினில் ஏறாவிட்டால் மேசை வேலைக்கு மாற்றிவிடுவேன் என்று அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த மனிதரோ ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொம்மை ரயில் விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எப்படி இருக்கும்?

பொம்மை என்றால் அவருக்குக் கோபம் வரும், மாடல் என்று சொல்ல வேண்டும். முழ நீளம்கூட இல்லாத இன்ஜின். வயிற்றுக்குள் ஒரு சிப், நகமளவு ஸ்பீக்கர். கையில் வைத்து ஓட்டும் கன்ட்ரோலரில் ஒரு திருகும் சில பொத்தான்களும். திருகைத் திருப்பினால் டீசல் இன்ஜின் உறுமும். நிறுத்தினால் பிரேக் கிறீச்சிடும், காற்று புஸ்ஸென்று இறங்கும். நின்ற பிறகும் கம்ப்ரஸர் டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டால் நிஜ வண்டிதான் வாசலில் நிற்கிறது என்று சத்தியம் செய்யலாம். அத்தனை சத்தமும் அவர் ஓட்டிய இன்ஜினிலேயே பதிவு செய்தது. போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு பதிவு செய்தவன் என் தம்பி.

தம்பி அவருக்கு உதவி ஓட்டுநர். "மாமாவும் மச்சானும் ஒரே இன்ஜின்ல. அந்த வண்டி விளங்கினாப்புலதான்" என்று நான் கேலி செய்வேன். அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சிக்னல் கண்ணில் பட்டதும் ஒருவர் அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும், மற்றவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால், வரும்வரை கூப்பிட வேண்டும். தம்பி வெறும் "பச்சை" என்று நிறுத்த மாட்டான், "மாமா, பச்சை!" என்பான். இந்தக் கூத்து இன்ஜினோடு நின்றதா? கடைத்தெருவில் சாலை விளக்கைப் பார்த்ததும் அவன் கத்துவான், இவர் திருப்பிக் கத்துவார். மானம் போகிறது என்று இருவரையும் திட்டிக்கொண்டே நானும் "பச்சைடா!" என்று கத்துவேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் வண்டி சிவப்பில் நின்றது. ஏதோ காற்றுக்குழாயைப் பார்க்கத் தம்பி கீழே இறங்கினான். அவன் பார்த்து முடித்து நிமிரும்போது சிக்னல் மாறியது. கீழே இருந்தபடியே "மாமா, பச்சை!" என்று கூவிக்கொண்டு ஓடிவந்தான். சிக்னலைப் பார்த்த பாவி பக்கத்துத் தண்டவாளத்தைப் பார்க்கவில்லை. இவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் எதிர்ப்பக்கமிருந்து வந்த வண்டி அவனை அடித்துவிட்டது. எனக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருத்தன்தான்.

அன்றோடு இவர் இன்ஜின் பக்கம் போகவில்லை. நானும் அழுது, கெஞ்சி, கத்திப் பார்த்தேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரிதான். ஆனால் மேசை வேலையில் இவர் ஒரு மாதம் தாங்க மாட்டார். ஓடிக்கொண்டே இருந்த மனிதர். தம்பியைக் கொடுத்தாயிற்று, இவரையும் கொடுக்க என்னால் முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. காற்று இறங்கியது. கம்ப்ரஸர் அடித்தது. பிறகு இவர் குரல், தெளிவாக: "பச்சை."

எட்டிப் பார்த்தேன். அட்டையில் செய்த குகைக்கு முன்னால் விரல் உயரச் சிக்னல் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. வண்டி அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"யாரோட பேசறீங்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "மச்சான் கூப்பிட்டான்."

எனக்கு வந்ததே கோபம்! "அவன் குரலைப் பிடிச்சு உள்ள வெச்சுட்டு, பொத்தானை அமுக்கி அமுக்கிக் கேட்டுட்டு இருக்கீங்களா? எனக்கு ஒரு தடவை கேக்கக் குடுக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

"அவன் குரல் இதுல இல்ல. பேச்சு வந்தா இன்ஜின் சத்தம் கெட்டுப்போகும்னு அப்பவே எல்லாத்தையும் வெட்டிட்டேன். பாவி, நானே வெட்டிட்டேன்." கன்ட்ரோலரைத் துடைப்பதுபோல் தடவினார். "சிவப்புல நிக்கும்போதுதான் கூப்பிடறான். பதில் சொல்லாட்டி விடமாட்டேங்கறான். பதில் சொன்னா கை தானா திருகிடுது. நாளைக்கு நிஜ வண்டியும் சிவப்புல நிக்கும். பின்னாடி ஆயிரம் பேர் உக்காந்திருப்பாங்க. அவன் கூப்பிட்டா நான் என்ன பண்றது, சொல்லு?"

 ஆனாலும் விடுகிறவளா நான்? "எல்லாம் மனசு பண்ற வேலை. குடுங்க இப்படி. நானே ஓட்டறேன். கையைத் தூக்கித் தலைமேல வெச்சுக்கங்க. ஒண்ணும் கேக்கலைன்னா நாளைக்கு வாயை மூடிட்டு வேலைக்குப் போறீங்க."

"வேணாம்" என்றார்.

"பயமா?"

"உனக்காகத்தான் சொல்றேன்."

பிடுங்கிக்கொண்டேன். திருட்டுப்பயல்போல் தலைமேல் கை வைத்துக்கொண்டு அவர் சுவரோரம் போய் உட்கார்ந்தார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. சோப்புப் பெட்டி அளவு ஸ்டேஷனைத் தாண்டி, நாற்காலிக் காலைச் சுற்றி, குகைக்குத் திரும்பியது. சிவப்புக்கு முன்னால் நிறுத்தினேன். பிரேக் கிறீச்சிட்டது. காற்று இறங்கியது. டக்டக், டக்டக்.

காத்திருந்தேன். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள். பால்காரர் வீட்டு நாய் குரைத்து ஓய்ந்தது. வேறு ஒன்றுமே இல்லை.

"பாத்தீங்களா? ஒரு மண்ணும் இல்ல. இதுக்காகவா இத்தனை மாசம்..."

கம்ப்ரஸர் நின்றது. நான் எதையும் தொடவில்லை. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரிந்தது. அந்த நகமளவு ஸ்பீக்கரிலிருந்து, இன்ஜினுக்குக் கீழே நின்று மேலே பார்த்துக் கூப்பிடுகிற குரல் வந்தது.

"அக்கா, பச்சை!"

நான் ஒரு நாளும் இன்ஜினில் ஏறியதில்லை. அந்தப் பதிவில் 'அக்கா' வர வழியே இல்லை. இதெல்லாம் பிறகு யோசித்தது. அப்போது எனக்கு வந்தது பயமில்லை, சந்தோஷம். ஐயோ, எத்தனை மாதமாயிற்று அவன் என்னைக் கூப்பிட்டு!

"பச்சைடா!" என்று கத்தினேன்.

கம்ப்ரஸர் மறுபடி அடித்தது. இன்ஜின் உறுமியது. வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன், என் கட்டைவிரல் திருகைக் கடைசிவரை திருப்பியிருந்தது. சிக்னல் சிவப்பாகவே இருந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக அதைத் தாண்டிக் குகைக்குள் போயின.

அவர் இன்னும் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. கண்ணீர் தாரைதாரையாகக் கொட்டியது. "உன்னையா கூப்பிட்டான்?" என்றார்.

"நாளைக்கு நீங்க போக வேணாங்க" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டுக் கையை இறக்கினார்.

அதிகாரிக்கு நானே போன் செய்தேன். "அவருக்கு மேசை வேலையே குடுத்துடுங்க சார்."

"என்னம்மா, நீங்கதான மேசை வேலை வேணாம்னு ஒத்தைக்கால்ல நின்னீங்க? இப்ப என்ன?"

"காது சரியில்ல சார்."

"யாருக்கு? அவருக்கா?"

"ரெண்டு பேருக்கும்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். அவர் நகர்ந்து இடம்விட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபடி சிவப்புக்கு முன்னால் நிறுத்தினேன். கம்ப்ரஸர் எப்போது நிற்கும் என்று இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.