சாம்பல் உடுப்பில் ஒருத்தி

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. என் தங்கைக்கு நடந்தது. எழுதக் கற்றுக்கொள்ள மாலை வகுப்புக்குப் போகிறவள் நான். நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். ஒரு வரி எழுதி இரண்டு வரி அடிக்கிறவளும் நான்தான். கதை மட்டும் போயும் போயும் அவளுக்கு நடக்கிறது. எப்போதும் இப்படித்தான்.

[இதில் எனக்கும் பங்கு உண்டு. கதையில் வரும் அக்கா நானேதான். கடைசிவரை ஒளித்துவைத்துத் திடுக்கென்று சொல்லலாமா என்று யோசித்தேன். அவ்வளவு சாமர்த்தியம் எனக்குப் போதாது.]

வகுப்பில் கொடுத்த பயிற்சி இது: யாரைப் பார்த்தால் உங்கள் வயிறு எரிகிறதோ, அவருக்குள் புகுந்து எழுதுங்கள். மற்றவர்கள் பேனாவைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். நான் யோசிக்கவே இல்லை.

2

முதல் தொடக்கம்: 'தலையைச் சாய்த்த மறுநிமிடம் தூங்கிவிடும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.' (கட்டுரை வாடை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: 'அவள் குண்டாக இருந்தாள், ஆனாலும் அதைப் பற்றி அவளுக்கு' (இந்த 'ஆனாலும்' அவளுடையதல்ல, என்னுடையது. அதனால் பாதியில் நிற்கிறது.)

மூன்றாவது: 'அம்மா சொல்வாள்: "ஒருத்தி தூங்கித் தூங்கியே ஊதிட்டா. இன்னொருத்தி தூங்காமலே வத்திட்டா. ரெண்டையும் கலந்து பாதிப் பாதியா பெத்திருக்கலாம்."'

இது இருக்கட்டும். அம்மா சொன்னது, அதனால் நன்றாக இருக்கிறது.

3

தங்கைக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. சரியாகத் தூங்காதவர்கள் தங்கள் உடம்பின் அளவையே தப்பாக நினைத்துக்கொள்கிறார்களோ என்று அங்கிருந்த டாக்டரம்மாவுக்கு ஒரு சந்தேகம். வருகிறவர்களுக்குத் தங்கை உடம்போடு ஒட்டும் சாம்பல் நிற உடுப்பு கொடுப்பாள். நிற்கவைத்துப் படம் எடுத்து, முகத்தை மறைத்துவிடுவாள். பிறகு இருட்டறைத் திரையில் அந்தப் படம் ஆளுயரத்துக்கு வரும், வேண்டுமென்றே அகலமாக இழுத்தோ ஒல்லியாக நசுக்கியோ. வந்தவர் கையில் ஒரு குமிழ் இருக்கும். இதுதான் நான் என்று தோன்றும்வரை அதைத் திருப்பி, பட்டனை அழுத்த வேண்டும். தங்கை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்கில் கேட்டுக்கொண்டிருப்பாள். "தயாரா?" என்பதற்கு மேல் அவள் வாயைத் திறக்கக் கூடாது.

(பக்க விளக்கம்: எதிரில் புற்றுநோய் ஸ்கேன் அறை. அங்கே காலையில் முதலில் ஒரு பிளாஸ்டிக் உருண்டையைப் படம் எடுத்து இயந்திரத்தைச் சரிபார்ப்பார்கள். இங்கே உருண்டை கிடையாது. தங்கை தன் படத்தையே போட்டுத் திரையைச் சரிபார்ப்பாள். "அங்க பிளாஸ்டிக் உருண்டை, இங்க அசல் உருண்டை" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். என்னைப் பற்றி என்னால் அப்படிச் சிரிக்க முடியாது. இதற்கும் எனக்கு வயிறு எரியும்.)

ஒரு நாள் வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. தங்கை அக்காவுக்குப் போன் செய்தாள்.

"வாயேன்க்கா. உன்ன மாதிரி தூக்கம் வராதவங்கதான் எங்களுக்குத் தங்கம்."

"நல்லா இருக்குடி. நான் படற பாடு உனக்கு ஆராய்ச்சி. நீ என்ன, படுத்தா கட்டை."

"கட்டை இல்லக்கா, முழு மரம். வா சீக்கிரம்."

அக்கா போனாள், உடுப்பு மாற்றினாள், படத்துக்கு நின்றாள். திரையைச் சரிபார்க்கக் காலையில் போட்ட தன் படத்தைத் தங்கை எடுத்துவிட்டு, அக்காவின் படத்தைப் போட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா கதவைத் திறந்து ஏதோ கேட்டார். தங்கை பதில் சொல்லிவிட்டுத் திரும்பி, "தயாரா?" என்றாள்.

திரையில் நின்றது தங்கை.

அக்கா குமிழைத் திருப்பினாள். கொஞ்சம் அந்தப் பக்கம், கொஞ்சம் இந்தப் பக்கம். பட்டனை அழுத்தினாள். பிறகு மைக் இருப்பதை மறந்து முணுமுணுத்தாள்: "கருமம். இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு எப்படித்தான் நாலு பேர் முன்னாடி நிக்கறேனோ."

4

தன் உடம்பு எது, தங்கை உடம்பு எது என்று ஒருத்திக்குத் தெரியாமலா போகும்? வகுப்பிலும் இதைத்தான் கேட்டார்கள். "நம்பும்படி இல்லை" என்று ஓரத்தில் எழுதியும் கொடுத்தார்கள். என்ன செய்ய? தினமும் கண்ணாடியில் எனக்குத் தெரிவது அந்த அகலம்தான். ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது தையல்காரம்மா நாடாவைக் காட்டுவார். நாடாவைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

இன்னொரு கேள்வியும் வந்தது. "அக்காதானே ஒல்லி? அவளுக்கு என்ன பொறாமை?" உடம்பைப் பார்த்துப் பொறாமைப்படுவது சுலபம். நான் பொறாமைப்படுவது அவள் அதற்குள் குடியிருக்கும் விதத்தைப் பார்த்து. சாப்பிட்டு, கை கழுவி, துண்டில் துடைத்து, படுத்து, தூங்கிவிடுவாள். அவ்வளவுதான். நடுவில் ஒரு கேள்வியும் கிடையாது.

கதைக்கு வருகிறேன்.

சோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "யாரும்மா இவங்க? இவ்வளவு கச்சிதமா யாருமே நிறுத்தினதில்லையே!" குமிழ் நின்ற இடமும் படத்தில் இருந்தவளின் அசல் அகலமும் ஒன்று. மயிரிழை தப்பவில்லை.

தங்கை படத்தைத் திறந்தாள். உடுப்பின் முழங்காலில் ஒரு தையல் தெரிந்தது. காலையில் அவள் போட்டுக்கொள்ளும் உடுப்பில் அவளே போட்ட தையல்.

"மேடம், தப்பு என்னோடது. இது எங்கக்கா இல்ல, நான்."

[இங்கே தங்கை மனதில் என்ன ஓடியது? ஒருமுறை அழவைத்தேன். ஒருமுறை, 'நம்ம அக்காவுக்கே தன் ஒடம்பு பிடிக்கலையா' என்று மனம் குளிரவைத்தேன். இரண்டாவது அச்சு அசலாக இருந்தது. அவள் இடத்தில் நான் இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன். அதனாலேயே கிழித்துவிட்டேன்.]

5

அவளுக்குள் புகுந்து எழுத இதற்கு மேல் வழியில்லை. இது நான் நேரில் இருந்த இடம்.

மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். போர்வையின் ஒரு முனை அவளிடம், மறுமுனை என்னிடம்.

"அக்கா, நீ பாத்தது உன் படம் இல்ல. என்னோடது. எடுக்க மறந்துட்டேன். நீ இன்னொரு வாட்டி வரணும்."

"வரேன். அதுக்கென்ன."

"நீ சொன்னது மைக்ல கேட்டுச்சு."

"ஏய், நான் என்னையத்தான்டி சொன்னேன்! அது நீன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

"சரி. உன்னையத்தான் சொன்ன." அவள் போர்வையை இழுத்து நேராக்கினாள். "அப்புறம் எப்படிக்கா என் அளவுல கரெக்டா நிறுத்தின? நானே என் படத்த அப்படி நிறுத்தினதில்ல."

நான் முனையைக் கொண்டுபோய் அவள் முனையோடு சேர்த்தேன். என்னவென்று சொல்ல? சின்ன வயதிலிருந்து உன் தட்டையும் உன் இடுப்பையும் நீ தூங்கும் தூக்கத்தையும் ஓரக்கண்ணால் அளந்துகொண்டே இருக்கிறேன், கை தானாக அங்கே நின்றுவிட்டது என்றா?

"போர்வை ஈரமா இருக்கு," என்றேன்.

மறுநாள் காலையில் அவள் கண் வீங்கியிருந்தது.

"தூங்கலையா?"

"வரல."

சொல்லவே கூசுகிறது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இரண்டாவதாகத்தான் பயம் வந்தது. அதற்கடுத்த நாளும் அவள் தூங்கவில்லை.

6

முடிவு, முதல் வகை: அக்கா மன்னிப்புக் கேட்கிறாள், இருவரும் கட்டிப்பிடித்து (எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடித்ததில்லை.)

இரண்டாம் வகை: தங்கை அந்த வேலையை விட்டு (விடமாட்டாள். அவளுக்கு அந்த வேலை பிடிக்கும்.)

மூன்றாம் வகை, இதுவரை நடந்தது மட்டும்: நான் மறுபடி போனேன். சாம்பல் உடுப்பு, இருட்டறை, குமிழ். திரையில் முகமில்லாத ஒருத்தி. இந்தத் தடவை அது நான்தான். தங்கை சரிபார்த்து, பிறகு இன்னொரு தடவையும் சரிபார்த்தாள். "தயாரா?" என்றாள்.

குமிழைத் திருப்பினேன். அகலமாகிறாள், ஒடுங்குகிறாள். எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அளவு மனப்பாடம். என் அளவை நான் பார்த்ததே இல்லை. மைக் போட்டிருந்தது. மாடியில் சொல்லாமல் விட்ட பதிலைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. முகம் பார்க்க வேண்டாம், அவளாலும் குறுக்கே பேச முடியாது.

வாயைத் திறந்தேன்.

[சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் திருத்துவேன், திருத்தினால் பொய்யாகிவிடும். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும். என்னை நல்லவளாக்கிவிடாதீர்கள், அவளைப் பெரிய மனசுக்காரியாகவும் ஆக்காதீர்கள். அன்றைக்கு அவள் சாப்பிட்டு, கை கழுவி, துண்டில் துடைத்து, படுத்தவுடன் தூங்கிவிடும்படி ஏதாவது எழுதுங்கள். பக்கத்துக் கட்டிலில் நான் விழித்துக் கிடந்து, பழையபடி வயிறெரிந்துகொள்கிறேன்.]