மூன்றாவது மாடிக்கு வராதவர்கள்

"அந்த அறுபத்தியோரு பேரையும் எடுத்துடும்மா. டேபிள் சுத்தமா வந்துடும்" என்றார் பேராசிரியர் சுந்தரராமன், ஏதோ அரிசியிலிருந்து கல் பொறுக்கச் சொல்வதுபோல.

வீணா உயிர்ப்புள்ளியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு. அவள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவர்கள் அவளுக்கு முன் யாரும் இல்லை. ஆய்வேட்டுக்கு அவளுக்குக் கிடைத்தது பேராசிரியரின் பெரிய திட்டத்தில் ஒரு பகுதி. பெங்களூரில் தெருக்கூட்டும் பௌரகார்மிகப் பெண்கள் இருநூற்று நாற்பது பேருக்கு நுரையீரலை அளந்தார்கள். கையில் முகக்கவசம் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துத் திரும்ப அளந்தார்கள். இரண்டாம் முறை வந்தவர்கள் நூற்றி எழுபத்தொன்பது பேர். ஒரு நொடியில் அவர்கள் ஊதித் தள்ளிய காற்று, சராசரியாக நாற்பது மில்லி கூடியிருந்தது. முகக்கவசத்தால் நுரையீரல் தேறிவிட்டது என்று பேராசிரியரின் ஆண்டறிக்கையில் பாதி எழுதியாகிவிட்டது.

"அவங்க ஏன் சார் வரல?"

"லாஸ் டு ஃபாலோ-அப். எல்லா ஸ்டடியிலயும் இருக்கறதுதான். வேலையை விட்டிருப்பா, ஊரை விட்டுப் போயிருப்பா. நம்ம கையில என்ன இருக்கு?"

"யாராவது போய்க் கேட்டாங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னும் பதினஞ்சு நாள்ல நீ சப்மிட் பண்ணணும். ஞாபகம் இருக்கோல்லியோ?"

வெளியே காத்திருந்த வகுப்புத் தோழி அனன்யா, சங்கதியைக் கேட்டுச் சிரித்தாள். "கம்ப்யூட்டர் கோட்ல ஒரே ஒரு வரிப்பா. அடிச்சு என்டர் தட்டினா அறுபத்தியோரு பேரும் காணோம். இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?"

ஒரே வரிதான். அதுதான் வீணாவுக்கு எரிந்தது.

பட்டியலில் நூற்றிப்பதினேழாம் எண் எல்லம்மா. ஒக்கலிபுரத்தில் வீணா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள். சாயங்காலம் அவள் குழாயடியில் உட்கார்ந்து குடம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாலு தேய், ஒரு மூச்சு. நாலு தேய், ஒரு மூச்சு.

"ஏன்கா, ரெண்டாவது தபா ஊத வரல நீ?"

"யாருடி சொன்னா வரலன்னு? மேஸ்திரி கையில கால்ல வுழுந்து, ஹாஜரி நோட்டுல பேரு போட்டுக்கினு, ரெண்டு பஸ் மாறி வந்தேன். லிஃப்ட்டாண்ட ரிப்பேர்னு அட்டை தொங்குது. படியேறி வான்னாங்க. ரெண்டாவது மாடிலயே மூச்சு பூட்ச்சி, அங்கியே குந்திக்கினேன். என்கூட இன்னும் நாலு பேரு. மேலேர்ந்து ஒருத்தரும் எட்டிப் பாக்கல. போதும்டா சாமின்னு எறங்கி வந்துட்டோம்." எல்லம்மா குடத்தைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள். "மூச்சு எவ்ளோ இருக்குதுன்னு பாக்க மூணாவது மாடிக்குக் கூப்புடறீங்களே, நீங்கல்லாம் இன்னாதான்டி படிக்கிறீங்க?"

வீணா குழாயைத் திறந்து குடத்தை நிரப்பிக் கொடுத்தாள். முதல் வருடம் வார்டு ஆபீஸ் வாசலில் ஷாமியானா போட்டு அளந்தார்கள், எல்லாரும் வந்தார்கள். இரண்டாம் வருடம், கருவிக்கு ஏ.சி. வேண்டுமென்று கல்லூரியின் மூன்றாவது மாடிக்கு மாற்றினார்கள். ஏற முடிந்தவர்கள் ஊதினார்கள். ஏற முடியாதவர்கள் கணக்கிலிருந்து விழுந்தார்கள். நுரையீரல் தேறியது இப்படித்தான்! விடுபட்ட தரவு எத்தனை வகை என்ற கேள்விக்கு அவள் பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியவள். அன்றைக்கு அந்த ஏ.சி. அறையில் உட்கார்ந்து, நூற்றிப்பதினேழுக்கு நேராக 'வரவில்லை' என்று எழுதியதும் அவள் கைதான். ஒரு மாடி கீழே எட்டிப் பார்க்க அவளுக்கும் தோன்றவில்லை. அதை நினைக்க நினைக்க, பேராசிரியர் மேலிருந்த கோபம் பாதியாகப் பிரிந்து அவள் மேலேயே விழுந்தது.

மறுநாள் துறை அலமாரியிலிருந்த கையடக்க ஊதும் கருவிக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டாள். பத்து நாள் அலைந்தாள். காலை ஆறரைக்கு ஹாஜரி எடுக்கும் இடத்தில் ஒரு மேஸ்திரி வழிமறித்தான்.

"ஏனம்மா, யூனியனா?"

"இல்ல, ஸ்டாட்டிஸ்டிக்ஸ்."

"அது எந்தக் கட்சி?" என்று கேட்டுவிட்டு வழி விட்டான்.

அறுபத்தியோரு பேரில் இருபத்தைந்து பேர் நிஜமாகவே வேறெங்கோ போயிருந்தார்கள். இரண்டு பேர் இறந்திருந்தார்கள். மீதி முப்பத்துநாலு பேரை வீட்டுக் கட்டிலிலும் வாசற்படியிலும் உட்காரவைத்து ஊதச் சொன்னாள். அவர்களுக்குச் சராசரியாக முந்நூற்றிப்பத்து மில்லி குறைந்திருந்தது. மொத்தத்தோடு சேர்த்துப் போட்டதும் ஏறியிருந்த நாற்பது காணாமல் போய், பதினாறு மில்லி இறக்கம் நின்றது.

பேராசிரியர் ஆய்வேட்டில் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"யாரைக் கேட்டு மெஷினை எடுத்துண்டு போனே?"

"நெறிமுறைக் குழுவுக்குக் குடுத்த பேப்பர்ல, வர முடியாதவங்கள வீட்டுக்குப் போய் அளக்கலாம்னு இருக்கு சார். பதினோராம் பக்கம். நீங்க எழுதினதுதான்."

"ஷாமியானா, லேப், வீடுன்னு மூணு இடத்துல எடுத்த அளவை ஒண்ணாப் போடுவாளா?"

"அந்தக் குறையையும் எழுதியிருக்கேன் சார். கலக்காம தனித்தனியாவும் போட்டிருக்கேன். எப்படிப் போட்டாலும் அந்த முப்பத்துநாலு பேர் மோசமாத்தான் இருக்காங்க."

"இது ஆத்திரம்மா, சயின்ஸ் இல்ல."

"ஆத்திரம் இருக்கு சார். கணக்கும் சரியா இருக்கு. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கக் கூடாதா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். உண்மையிலேயே அக்கறையாகத்தான் சொன்னார். "நீ அங்கேர்ந்து வந்தவ. அவாளை உனக்குத் தெரியும். அதனாலயே உன்கிட்ட ஒரு பயஸ், ஒரு பக்கச் சாய்வு வந்துடும். முதல்ல டிகிரியை வாங்கிண்டு வெளியில போ. அப்புறம் ஊரைத் திருத்தலாம்."

"மூச்சு வாங்கறவங்களுக்கு மூணாவது மாடில டெஸ்ட் வெச்சோமே, அதான் சார் பயஸ். நானும்தான் அன்னிக்கு இங்க உக்காந்திருந்தேன்."

"அப்போ நான் கையெழுத்துப் போட முடியாது. அடுத்த பேட்ச்சோட சப்மிட் பண்ணிக்கோ. ஒரு வருஷம்."

ஒரு வருஷம். வீட்டில் என்ன சொல்வது? ஆனாலும் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"சரி சார். ஏன் போட முடியாதுன்னு இதுல எழுதிக் குடுங்க. துறைத்தலைவர்கிட்ட நான் காட்டணும்."

அவர் பேனாவைத் திறந்தார். தாளைப் பார்த்தார். எந்தக் காரணத்தை எழுதினாலும் அடுத்த வாக்கியத்தில் அந்த முப்பத்துநாலு பேர் வந்தாக வேண்டும். மின்விசிறி தாளின் முனையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. வீணா அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், அவருக்கு எழுத வசதியாக.

கடைசியில் அவர் தாளை ஒதுக்கிவிட்டு ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்தார். கையெழுத்துப் போட்டார். அதற்கு மேலே ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தார்: இந்தப் பகுப்பாய்வுக்கும் முடிவுகளுக்கும் மாணவி வீணா ஒருவரே பொறுப்பு.

"படிச்சுக்கோ. நாளைக்கு எவனாவது கேள்வி கேட்டா என்கிட்ட வராதே."

வீணா நிதானமாகப் படித்தாள்.

"என் இனிஷியல் விட்டுப்போச்சு சார்" என்று ஏட்டைத் திருப்பி அவர் முன் நீட்டினாள். "இ. வீணான்னு முழுசாப் போடுங்க. வர்றவங்க நேரா என்கிட்டயே வரட்டும்."